ஹூவர் கான்ஸ்டலேஷன்: வடிவுக்குக் குறைவில்லை

பழைய வாக்யூம் கிளீனர் சேர்க்கிறவர்களுக்கு ஹூவர் கான்ஸ்டலேஷன் மீது எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. பந்து மாதிரி உருண்டை உடம்பு, சக்கரமே கிடையாது. உறிஞ்சிய காற்றை அடிப்பக்கத்தால் விடும். அந்தக் காற்றிலேயே தரையை விட்டு மயிரிழை எழும்பி, குழாயைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். 1950களின் நடுவில், ஸ்புட்னிக்கே மேலே போகாத காலத்தில், அமெரிக்காவில் இப்படி ஒரு சாமானை யோசித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1970கள் வரை விற்பனையில் இருந்தது. என்னுடையது அந்த பிரிட்டிஷ் வகை. காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கிற கார் பூட் சேலில் 35 பவுண்டுக்கு எடுத்தேன்.

குசினியில் இதை விட்டுப் பார்க்க வேண்டும். வழுவழுப்பான தரையில் ஒரு விரலால் தள்ளினாலும் அடுத்த சுவர் மட்டும் போகும். தாளிக்கும்போது தெறித்த கடுகு, கதிரைக்குக் கீழே கொட்டிய அரிசி எல்லாம் சடசடவென்று உள்ளே போய்விடும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் போவதில்லை. அறைக்கும் ஹோலுக்கும் இடையில் உள்ள அலுமினியப் பட்டியில் ஏறினால் மட்டும் கீழே உள்ள காற்று பக்கவாட்டால் ஓடிவிட, தொப்பென்று இருந்துவிடும். குனிந்து தூக்கி வைக்க வேண்டியதுதான். அடர்ந்த கார்பெட்டிலும் மிதப்பு எடுபடாது.

சரி, துப்புரவு எப்படி? சுமார். இது வெறும் உறிஞ்சல்தான், அடிக்கிற உருளை இல்லை. மேலே கிடக்கிற தூசியை எடுக்கும். கார்பெட் இழைக்குள் சுற்றிக்கொண்ட நீட்டுத் தலைமயிரைக் கேட்டால் பார்த்துக்கொண்டு நிற்கும். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

அந்த வேலைக்கு ஹூவர் ஜூனியரை அடிக்க ஆள் இல்லை. நிமிர்ந்து நிற்கிற, முன்னால் துணிப்பை தொங்குகிற வகை. அடியில் ஒரு உருளை ரப்பர் பெல்ட்டில் சுற்றும். அதில் தூரிகையும் இருக்கும், உலோகப் பட்டியும் இருக்கும். பட்டி கார்பெட்டைத் தட்டும், தூரிகை கூட்டும், காற்று இழுக்கும். 'அடிக்கும், கூட்டும், துப்புரவாக்கும்' என்று ஹூவர்காரர் 1919இலிருந்து விளம்பரம் செய்தது சும்மா இல்லை. பளிச்சென்று இருக்கிற கார்பெட்டில் ஜூனியரை ஓடவிட்டுப் பையைத் திறந்தால், உள்ளே மா மாதிரி நைசான மண் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

என்னிடம் 1960களின் ஜூனியர், 1334 என்ற மாடல், ஒன்று இருந்தது. கான்ஸ்டலேஷன் வந்த கிழமை, கராஜில் இடம் காணாது, ஒன்றாவது வெளியே போக வேண்டும் என்று மனுசி சொல்லிவிட்டா. ஜூனியர் அப்போது பத்துப் பவுண்டுக்குத் தெருவெல்லாம் கிடைத்தது. பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்த மாணவனிடம் கொடுத்தேன். அவன் படிப்பு முடிந்து அறையை விட்டபோது, வீட்டுக்காரர் அதைக் குப்பையோடு அனுப்பிவிட்டார். அதற்கும் முதல், 1993இல் சந்தைக்கு வந்த டைசன் டிசி01 வாக்யூம் கிளீனர் ஒன்றை, பிளாஸ்டிக் சாமான்தானே என்று நானே கவுன்சில் குப்பைக் கிடங்கில் இறக்கிவிட்டு வந்தேன். இன்று அதற்கும் ஆட்கள் அலைகிறார்கள். அரிய சாமானை யாரும் எறிவதில்லை. எங்கும் கிடைக்கும் என்று நினைத்ததுதான் கையை விட்டுப் போகிறது.

அந்த ஜூனியரின் பெயர்த்தகட்டில் பெரிவேல் என்று இருக்கும், மேற்கு லண்டனில் ஹூவர் தொழிற்சாலை இருந்த இடம். ஏ40 வீதியில் போகிறவர்களுக்கு அந்த வெள்ளைக் கட்டடம் தெரியும். 1933இல் திறந்த தொழிற்சாலை, 1982இல் மூடிவிட்டார்கள். இப்போது முன்பக்கம் குடியிருப்பு, பின்னால் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட். நாங்கள் மரக்கறி வாங்கப் போகிற இடம்.

கான்ஸ்டலேஷன் வாங்க நினைப்பவர்கள் முதலில் குழாயைப் பாருங்கள். இழுத்தால் நீளுகிற வகை, அதன் உயிரே அதுதான். வயது போனால் மடிப்புகளில் வெடிக்கும், மாற்றுக் குழாய் இலேசில் கிடைக்காது. முழுதாக இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். விற்றவர் என்னிடம் குழாய் புதிது மாதிரி என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில் கறுப்பு நாடா சுற்றி மறைத்திருந்தது. அடுத்தது வயர். பிளக்கைத் திறந்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் இருந்தால் அது 1970க்கு முந்தைய வயர். ரப்பர் உதிர்கிறதா என்று பார்த்து, உதிர்ந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். 13 ஆம்ப் ஃப்யூஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு 5 ஆம்ப் போடுங்கள், இந்த மோட்டாருக்கு அது காணும்.

மரத்தரை, ஓட்டுத்தரை வீட்டுக்கு, குழாய் நல்லதென்றால் 50 பவுண்டு வரை கொடுக்கலாம். கார்பெட் வீடென்றால் ஜூனியர் தேடுங்கள். விலை இப்போது பத்துப் பவுண்டு இல்லை.