எந்த ஒயர்ல எடுப்பீங்கண்ணா? சேலத்தில் ஹேண்டிகேம் கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிய கதை

ஏற்காட்டில் அம்மாயி வீட்டு மர பீரோவில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், அப்பாவின் சோனி ஹேண்டிகேமில் எடுத்த கேசட்டுகள் ஒன்பது கிடந்தன. எல்லாம் மினி டிவி. பெயரைக் கேட்டதும் குட்டித் தொலைக்காட்சி என்று நினைக்க வேண்டாம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், அவ்வளவுதான். ஏற்காட்டு ஈரம் தெரிந்ததுதானே, மழைக்காலத்தில் செருப்பை மூலையில் விட்டால் அதிலேயே பூசணம் பிடிக்கும். ஒரு கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி போல இருந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று இறக்கிக் கொண்டுவந்தேன்.

முதலில் போன இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் நல்ல பெரிய ஸ்டுடியோதான், பெயர் வேண்டாம். "ஹெச்டி ஆக்கித் தர்றோம் சார்" என்றார்கள். சோதனைக்கு நல்ல நிலையில் இருந்த ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்தேன் (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி இருந்திருக்கிறது). நாலு நாளில் பென்டிரைவ் வந்தது. ஒரு மணி நேர கேசட்டுக்கு 700 எம்பி. போட்டுப் பார்த்தால், சதுரமான படத்தை அகல டிவிக்கு இழுத்துவிட்டதில் அம்மாயி உட்பட எல்லோரும் குண்டாகி இருந்தார்கள். கையை ஆட்டினால் விரல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்ததை 30 ஆக்கியதில் கேமரா திரும்பும் இடமெல்லாம் விக்கி விக்கிப் போகிறது. முகங்கள் மெழுகு பூசியது போல வழவழ. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன், கேட்காமலே பின்னணியில் புல்லாங்குழல் இசை சேர்த்து அப்பாவின் குரலை அமுக்கியிருந்தார்கள். கேமரா அப்பா கையில் இருந்ததால் அவர் எந்தக் காட்சியிலும் இல்லை, குரல் மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் புல்லாங்குழல்!

எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் காட்டினார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம். மினி டிவி கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிந்திருக்கிறது. அதை மஞ்சள் ஒயரில் எடுத்தால் அனலாக் ஆகி, கம்ப்யூட்டரில் மறுபடி டிஜிட்டல் ஆகி, அப்புறம் எம்பி4 ஆகச் சுருங்கி வருகிறது. கேமராவில் ஃபயர்வயர் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சோனியில் ஐ-லிங்க் என்று எழுதியிருப்பார்கள். அதன் வழியாக எடுத்தால் நாடாவில் இருக்கும் தகவல் அப்படியே கோப்பாக வந்துவிடும், ஃபைல் காப்பி பண்ணுவது மாதிரி. பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி ஓட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அநேக மாடல்களில் அது மெமரி கார்டு போட்டோவுக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும்தான்.

அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி, "எந்த ஒயர்ல எடுப்பீங்கண்ணா?" ஐந்தாவது ஆள் செவ்வாய்ப்பேட்டைக்காரர். "ஃபயர்வயர் தம்பி, வேற எதுல எடுப்பாங்க?" என்றார். மாடியில் ஒரே அறை, ஏணி மாதிரி செங்குத்தான படி, மார்க்கெட் லோடு வண்டிகளுக்கு நடுவே பைக் நிறுத்த இடம் கிடையாது. பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஏற்கெனவே குவிந்து கிடக்கிற கேசட்டே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கேசட்டுக்கு 350 ரூபாய். வேலை நிதானமானது, வேகமாக ஓட்டிக் காப்பி எடுக்க வழியில்லை, 60 நிமிட கேசட் 60 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும். அப்பா கடைசி மூன்று கேசட்டுகளைச் சிக்கனம் பார்த்து எல்பி (லாங் பிளே) மோடில் 90 நிமிடத்துக்கு எடுத்திருந்தார். எல்பியில் நாடாவின் கோடுகள் நெருக்கமாக விழும், அதனால் எடுத்த கேமராவில்தான் ஒழுங்காக ஓடும், வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையலாம் என்று சொல்லி அப்பாவின் பழைய ஹேண்டிகேமையே கொண்டுவரச் சொன்னார். பேட்டரி செத்துப்போயிருந்தது, அடாப்டரில் ஓடியது. பூசணம் பிடித்த கேசட்டைத் தனிக் கவரில் போட்டுக் கடைசிக்குத் தள்ளினார், அதை முதலில் ஓட்டினால் பூசணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகுமாம். அதைச் சுத்தம் செய்ய 500 ரூபாய் கூடுதல். அதில் பத்து நிமிடம் போல மொசைக் கட்டங்கள் இருக்கின்றன, மீதி பிழைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வாரம் என்றவர் மூன்று வாரம் இழுத்தார். அப்பா கேசட் மேல் எழுதியிருந்த தலைப்புகளை விட்டுவிட்டு டேப்1, டேப்2 என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கேசட்டில் நடுவே வெற்றிடம் வந்ததும் சாஃப்ட்வேர் நின்றுவிட, கடைசி 12 நிமிடம் வரவே இல்லை. நாடாவின் நீளத்தையும் ஃபைல் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பப் போனேன், முகம் சுளிக்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். நீங்களும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி, ஒன்பதுக்கும் சேர்த்து 135 ஜிபிக்குப் பக்கம். பயப்பட வேண்டாம், இப்போதைய ஹார்ட்டிஸ்கில் அது ஒரு மூலை. இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. எடுத்த தேதியும் நேரமும் படத்தோடு கூடவே பதிந்திருக்கின்றன, மஞ்சள் ஒயரில் எடுத்தால் அவை வருவதில்லை. தங்கச்சி காதுகுத்து எந்த வருஷம் என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் இருந்த வாய்த்தகராறு அதில் தீர்ந்தது. அத்தை மட்டும் கேமரா கடிகாரமே தப்பு என்கிறார்.

எடிட்டிங்கை நானே செய்துகொண்டேன். இந்த ஃபைலில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக நிற்பதால் லாஸ்லெஸ்கட் போன்ற இலவச மென்பொருளில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், திரும்ப என்கோட் ஆகாது, தரமும் குறையாது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் தனியாக ஒரு பிரதி, சீப்புப் பல் கோடுகளை நீக்கி, ஒவ்வொரு ஃப்ரேமிலும் பின்னிக் கிடக்கும் இரண்டு பாதிப் படங்களைப் பிரித்து நொடிக்கு 50 ஃப்ரேமாக, 4:3 அளவிலேயே. அதையும் டாக்குமென்டாக அனுப்பினால்தான் தேறும். மூலக் கோப்பு இரண்டு ஹார்ட்டிஸ்கில், ஒன்று இங்கே, ஒன்று கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டில். கேசட்டுகளையும் தூக்கிப் போடவில்லை, ஆனால் ஏற்காட்டுக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை.

நாலாவது கேசட்டில் நாற்பது நிமிடம், பஸ் ஜன்னலிலிருந்து ஏற்காடு ரோடு மட்டும். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவில் ஆரம்பித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அப்பா ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறார். பதினான்கை இரண்டு முறை எண்ணிவிட்டார். வெட்டலாமா என்று கேட்டேன், அம்மா கூடாது என்றுவிட்டார்.

இன்னும் பாக்கி அப்பா அம்மா கல்யாணத்து விஹெச்எஸ் கேசட். செவ்வாய்ப்பேட்டைக்காரரின் டெக்கில் பெல்ட் அறுந்துபோய் ஆறு மாதமாகிறதாம். சேலத்தில் விசிஆர் ரிப்பேர் பார்க்கிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.