கொடைக்கானல் ஏரியில செல்ஃப் பெய்லர்: நாலு வருஷமா தண்ணி இறைக்கிறவன் சொல்றேன்

படகு ஓடும்போது உள்ள வந்த தண்ணியைத் தானா வெளிய தள்ளுறதுக்கு அடியில மாட்டுற சாமான்தான் செல்ஃப் பெய்லர். நேத்துதான் என் படகோட பெய்லரைக் கழட்டி வாஷர் மாத்தி மறுபடி மாட்டினேன், இது மூணாவது தடவை. கையில சீலன்ட் பிசுக்கு போறதுக்குள்ள கோயம்புத்தூர்ல இருந்து ஃப்ரெண்டு போன், "மச்சி, பழைய பாய்மரப் படகு ஒண்ணு விலைக்கு வருது, பெய்லர் வச்சது, வாங்கலாமா"ன்னு. நேரம் பாத்துக் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் கெட்ட வார்த்தை குறைச்சு இங்க எழுதுறேன்.

படகு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, 14 அடி ஃபைபர், ஒரே பாய், சென்னையில ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினது. வாங்குறதுக்கு முன்னாடி அவர் கடல்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனார். அலை அடிச்சு காக்பிட் (நாம உக்கார்ற குழி) நிறைய தண்ணி, நான் மக் எங்கன்னு தேடுறேன், அவர் சிரிச்சுகிட்டே காலால ஒரு லீவரைத் தட்டினார், கர்ர்ருனு ஒரு சத்தம், வாஷ்பேசின்ல அடைப்பு எடுத்த மாதிரி, ரெண்டு நிமிஷத்துல தரை காஞ்சிடுச்சு. அந்த சத்தத்துலதான் நான் விழுந்தேன், விலை கூட பேசல.

விஷயம் ரொம்ப சிம்பிள். அடியில இருந்து ஆப்பு மாதிரி ஒரு தகடு இறங்கும், படகு ஓடுற வேகத்துல அதுக்குப் பின்னாடி தண்ணியோட அழுத்தம் குறையும், உள்ள நிக்கிற தண்ணியை அது உறிஞ்சிடும். இதைப் பிரபலமாக்கினது டென்மார்க்காரர் பால் எல்வ்ஸ்ட்ரோம், 1948ல இருந்து 1960 வரைக்கும் வரிசையா நாலு ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின மனுஷன். அவர் ஓட்டினது கடல்ல. ஓடுற வேகம்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

ஏறக்குறைய 4 நாட், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம் போனாத்தான் நல்லா உறிஞ்சும். மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல ஓடையை மறிச்சு உண்டாக்கின நம்ம ஏரி சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம்னு டூரிஸ்டுக்கு சொல்ல நல்லா இருக்கும், ஆனா பாய் விரிச்சவனுக்கு ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காத்து, மரத்துக்குப் பின்னாடி போனா அதுவும் செத்துடும். போதாக்குறைக்கு 2,100 மீட்டர் உயரம், கடலோரத்தை விட காத்தே ஐஞ்சுல ஒரு பங்கு லேசு, அதே வேகத்துல அடிச்சாலும் தள்ளுற பலம் குறைவு. இருபது செகண்டு வேகம் பிடிக்கும், பெய்லர் கர்ருனு ஆரம்பிக்கும், ஆஹான்னு நிமிர்றதுக்குள்ள காத்து நின்னுடும். படகு நின்னா பெய்லர் வெறும் ஓட்டை. உள்ள ஒரு மூடி இருக்கு, தண்ணியைத் திரும்ப விடாதுன்னு பேரு, அந்த மூடிக்கு அடியில ஒரே ஒரு பைன் ஊசி சிக்கினா போதும், வெளிய போனதுக்கு மேலயே உள்ள வந்துடும். டிசம்பர்ல அந்தத் தண்ணியில கணுக்கால் வரைக்கும் நின்னு பாருங்க, கால் இருக்கா இல்லையான்னே தெரியாது.

கட்டிப் போட்டிருக்கும்போதாவது உதவுமான்னா அதுவும் கிடையாது. பெய்லரை மூடி வச்சாத்தான் ஏரி உள்ள வராது, மூடி வச்சா மழைத்தண்ணி வெளிய போகாது. ஐப்பசி மழையில ஒரு ராத்திரிக்கு 50 மில்லிமீட்டர் பெஞ்சா, ரெண்டு சதுர மீட்டர் காக்பிட்ல 100 லிட்டர், 100 கிலோ. கூட ஒரு ஆளை ஏத்தின மாதிரின்னு நினைக்காதீங்க, ஆளாவது சொன்ன இடத்துல உக்காருவான், இது படகு சாயுற பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். தரையைத் தண்ணி மட்டத்துக்கு மேல வச்சுக் கட்டினா தானா வடியும்தான், ஆனா சின்னப் படகுல நாமளும் மேல உக்காரணும், தள்ளாடும். நம்ம கட்டுமரம் இந்தத் தலைவலியே இல்லாத சாமான், கட்டை இடுக்குலயே எல்லாம் ஓடிடும்.

படகுத்துறையில ஒரு பெரியவர் உண்டு, நான் குனிஞ்சு ஸ்க்ரூ திருகுறதை நாலு வருஷமா பாக்குறார். நேத்து வந்து நின்னு, "ஏன் தம்பி, ஓட்டையப் போட்டு, ஓட்டைக்கு மூடியப் போட்டு, மூடிக்கு வாஷரப் போட்டு... ஓட்டையே போடாம இருந்தா என்ன?"ன்னார். பதில் இல்ல என்கிட்ட.

நியாயமா ஒண்ணு சொல்லணும், தகடு இன்னும் புதுசு மாதிரி, துரு கிடையாது, லீவர் வழுக்கிட்டுப் போகுது. கெட்டது ரப்பர் மட்டும்தான். கடைசியில வத்தலக்குண்டு பஞ்சர் கடையில லாரி ட்யூப்பை அளவு வெட்டி வாங்கினேன், இருபது ரூபாய், கூட வந்த ஒரிஜினலை விட நல்லா உக்காந்திருக்கு.

அப்புறம் வாங்கலாமா? மலையில ஓட்டுறதுக்குன்னா பெய்லருக்காக ஒரு பைசா கூட கூடுதலா குடுக்காதேன்னுட்டேன். "அப்ப நீ கழட்டி ஓட்டையை அடைச்சிட வேண்டியதுதானே"ன்னான். போடான்னு சொன்னேன். போன மாசம் ஒரு சாயங்காலம் நல்ல காத்து ஒண்ணு முழுசா ஒரு நிமிஷம் நின்னுச்சு, கர்ர்ருனு கடைசி சொட்டு வரைக்கும் இழுத்துச்சு, பெடல் போட்ல போன பசங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

மத்த நாளெல்லாம் அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனை அடி அறுத்து வச்சு இறைக்கிறேன், கூட ஒரு ஸ்பாஞ்ச். கேனை மறக்காம கயிறு போட்டுக் கட்டிக்கோங்க, என்னோடது ரெண்டு மிதந்து போயிடுச்சு.