அக்கிக்கு எந்த ஊசி: முழு வைரஸா, ஒற்றைப் புரதமா?

குடியாத்தம், ஆரணி பக்கம் வயதானவருக்கு விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால், அக்கி எழுதக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் உண்டு. காவி பூசினால் தோல் குளிரலாம். நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது தொடாது. அசைக்ளோவிர் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

வராமல் தடுக்க இரண்டு ஊசிகள் வந்தன. சின்னம்மை போட்டவர் உடம்பை விட்டு வேரிசெல்லா ஸோஸ்டர் வைரஸ் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைப்பவை முக்கியமாக டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள். வயதாக ஆக அவை சோர்ந்துபோவதால்தான், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் அக்கி வருகிறது.

2006-இல் வந்த ஸோஸ்டாவாக்ஸில் இருந்தது வலுவிழக்கச் செய்த முழு வைரஸ். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸில் வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்று மட்டும். முழு வைரஸ்தான் ஜெயிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 60 தாண்டியவர்களிடம் அது அக்கியைப் பாதியளவே தடுத்தது. 70-க்கு மேல் 38 சதவீதம்தான். புரத ஊசியோ 70-க்கு மேலும் 90 சதவீதத்தை ஒட்டி நின்றது. அதில் சேர்க்கும் துணைப்பொருள்தான் சோர்ந்த டி செல்களைத் தட்டி எழுப்புகிறது. அதன் ஒரு கூறு சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து வருவது என்பது எனக்கு இன்னும் வியப்பு. கைவலி, காய்ச்சல், அசதி ஓரிரு நாள் படுத்தும், பொறுத்துக்கொள்ளலாம்.

வேலூருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். 1971-லேயே சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்த ஊர் இது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, மருந்து கொடுத்து டி செல்களைத்தான் அடக்குகிறார்கள். அதனால் அக்கி எளிதாகக் கிளம்பும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு உயிருள்ள வைரஸ் ஊசி ஆகாது. புரத ஊசி போடலாம். எப்போது என்பதை அவர்களுடைய மருத்துவர் சொல்வார்.

இதே குடும்பத்து வைரஸான ஹெர்பெஸ் சிம்பிளெக்ஸுக்கும் ஒற்றைப் புரத ஊசியை முயன்றார்கள். 2012-இல் வெளியான பெரிய ஆய்வில் அது பிறப்புறுப்பு ஹெர்பெஸைத் தடுக்கவில்லை. அக்கி ஊசி, வைரஸைப் பற்றி டி செல்களிடம் இருக்கும் பழைய நினைவை உசுப்பினால் போதும். அங்கே புதிதாக நுழையும் வைரஸையே நிறுத்த வேண்டியிருந்தது.

ஸோஸ்டாவாக்ஸ் விற்பனை 2020-இல் அமெரிக்காவில் நின்றுவிட்டது. ஷிங்ரிக்ஸ் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டால் பெரியவர்களுக்கு முதலில் போடுங்கள். 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டாவது தவணையும் உண்டு, அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.