செஃபாரியா: கோட் மாறிப்போனால் எந்த ஏட்டைத் திறப்பது?

யூதச் சட்ட நூல்களை மூலத்தோடும் ஆங்கிலத்தோடும் இலவசமாகப் படிக்கத் தரும் தளம் செஃபாரியா. அதற்கு நல்ல உரைகல் இந்தக் கேள்வி: கல்யாண விருந்தில் யாரோ உங்கள் கோட்டை எடுத்துப் போய்விட்டார், அவர் விட்டுப்போனதை நீங்கள் போட்டுக்கொள்ளலாமா?

தொலைந்த பொருள் என்றதும் கை போவது தல்மூதின் (யூதச் சட்ட விவாதங்களின் பழைய பெருந்தொகுப்பு) பாவா மெட்சியா என்ற பகுதி, இரண்டாம் அத்தியாயம், 21ஆம் ஏட்டுக்கு. தளம் ஜொலிப்பதும் இங்கேதான். ரபீ ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கத்தோடு வரும் பதிப்பில் மூலத்தின் சொற்கள் தடித்த எழுத்தில், விளக்கம் சாதா எழுத்தில். எது யார் சொன்னது என்ற குழப்பம் வராது. சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவருக்கு. பைக்குள் கிடந்தால் அறிவித்து உடையவரைத் தேட வேண்டும். அடையாளம் சொல்ல வழியில்லாததை உடையவர் கைகழுவியிருப்பார் என்பதே காரணம். தொலைந்ததே அவருக்கு இன்னும் தெரியாது என்றால்? தல்மூதின் அறிஞர்கள் அபாயே, ரவா இருவரின் வாதம் அதே இடத்தில் தொடங்குகிறது. தீர்ப்பு அபாயே பக்கம், தெரியாத இழப்பைக் கைகழுவியதாகக் கொள்ள முடியாது.

கோட்டுக்கான விடை ஆனால் இங்கே இல்லை. அது தல்மூதின் இன்னொரு பகுதியான பாவா பத்ராவின் 46ஆம் ஏட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. கைவினைஞரிடம் துணி மாறினால், மற்றவர் வந்து கேட்கும்வரை உடுத்தலாம். விருந்து வீட்டிலோ துக்க வீட்டிலோ மாறினால் கூடாது. கைவினைஞரிடம் மட்டும் ஏன் சலுகை என்றால், விற்றுத் தரச் சொல்லி ஒருவர் கொடுத்த துணிக்குப் பதிலாகக் கைவினைஞர் தவறி உங்களுடையதை விற்று, அவருடையதை உங்களுக்குத் தந்திருக்கலாம். விருந்தில் அப்படி நடுவில் யாரும் இல்லை. கைவினைஞரிடமும் நிபந்தனை உண்டு: அவரே தர வேண்டும், மனைவி மக்கள் தந்தால் சலுகை கிடையாது. "இந்தா துணி" என்று தந்தால் சரி. "இந்தா உன் துணி" என்றால் வெறும் கைத்தவறு, உடுத்தக் கூடாது.

இந்த ஏட்டில் தல்மூதின் புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியின் உரையைத் தேடி ஏமாறாதீர்கள். 29ஆம் ஏட்டோடு அது நின்றுவிடுகிறது. பிறகு அவர் பேரன் ரஷ்பாமின் உரைதான்.

தல்மூதோடு நிறுத்தினால் நடைமுறைச் சட்டம் கைக்கு வராது. யூத நடைமுறைச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கில், சொத்து வழக்குகளுக்கான ஹோஷென் மிஷ்பாத் பாகத்தின் 136ஆம் பிரிவில் தொடங்குங்கள் (தொலைந்த பொருளுக்கு 259 முதல் 271 வரை). வரியைத் தட்டினால் பக்கவாட்டில் இணைப்புகள் விரியும். அதன் வழியே தல்மூதுக்குப் பின்னோக்கிப் போவது எளிது. இந்தப் பக்கவாட்டுப் பட்டிதான் தளத்தின் உண்மையான மதிப்பு.

குறைகளும் உண்டு. தன்னார்வலர் மொழிபெயர்ப்புகளின் தரம் ஒரே சீராக இல்லை. யார் மொழிபெயர்த்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள். பயனர்கள் தொகுக்கும் மேற்கோள் தாள்களை ரபீ (யூத மத அறிஞர்) யாரும் சரிபார்த்ததாக எண்ண வேண்டாம், வெட்டி ஒட்டிய மேற்கோளில் நிபந்தனைகள்தான் முதலில் உதிரும். செயலியில் நூல்களைத் தரவிறக்கலாம் என்றாலும், ஜெப ஆலயத்தில் கோட்டுகள் மாறக்கூடிய யூத ஓய்வுநாளில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) போனைத் தொட முடியாது. 136ஆம் பிரிவை வெள்ளிக்கிழமை பகலிலேயே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.