பைப் தண்ணியைச் சோதிக்கிறோம் என்று வீட்டுக்கு வருபவர்களிடம் கவனம்

பெஸ்தாரி ஜெயாவிலும், பக்கத்தில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் தட்டி விட்டால் மட்டும் போதாது. பகல் நேரத்தில், பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, கழுத்தில் அட்டை தொங்க, வெளிர்நீலச் சட்டை போட்டு, "தண்ணி ஆபீஸ்ல இருந்து வர்றோம், உங்க பைப் தண்ணியைச் சோதிக்கணும்" என்று சொல்லி வருகிறார்கள். தண்ணீருக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபில்டர் விற்க வந்தவர்கள் அவர்கள்.

எங்கள் அம்மாவிடம் அப்படித்தான் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவர். வந்த இருவரில் ஒருவன் நம் பையன். நன்றாகத் தமிழ் பேசியிருக்கிறான். "அம்மா, அம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறான். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று அம்மா உள்ளே உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்து அவர்கள் செய்ததைப் பக்கத்து வீட்டு அக்காவும் கூட இருந்து பார்த்திருக்கிறார். அதனால் எனக்கு முழு விவரமும் கிடைத்தது.

மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் புட்டியில் கொண்டு வந்த தண்ணீர். நான்கு கம்பிகள் கொண்ட ஒரு சிறு கருவியை இரண்டு கிளாஸிலும் இறங்குமாறு வைத்து, பிளக்கைச் சொருகியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மேலே நுரையும் அடியில் சேறும் கட்டிவிட்டது. அவர்கள் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தான்மா நீங்க இத்தனை வருஷமா குடிச்சிட்டு இருக்கீங்க. உங்க பேரப்பிள்ளைங்களுக்கும் இதைத்தான் குடுக்கிறீங்க" என்றானாம். அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டதாம். ஃபில்டர் வாங்கச் சரி என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கருவியின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நேரில் பார்க்கும்போது படித்தவர்களும் நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கிளாஸிலும் இறங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றொன்று அலுமினியம். குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் கொஞ்சம் கரைந்திருக்கும். அதனால் மின்சாரம் பாய்கிறது. பாயும்போது இரும்புக் கம்பி அரித்துக் கரைகிறது. கிளாஸில் நீங்கள் பார்க்கும் சேறு அந்தக் கம்பியின் துரு. அவர்கள் கொண்டு வரும் தண்ணீரில் தாதுக்களை எல்லாம் எடுத்துவிட்டதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. கடையில் விற்கும் மினரல் வாட்டரை ஊற்றி அதே கம்பிகளை வைத்தாலும் பழுப்பாகத்தான் ஆகும்.

என் அக்கா மகன் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அதே மாதிரிக் கருவியை ஆன்லைனில் மலிவு விலைக்கு வாங்கி வந்து, அம்மாவுக்கு எதிரிலேயே செய்து காட்டினான். அவர்கள் மாட்டிவிட்டுப் போன ஃபில்டரிலிருந்தே தண்ணீர் பிடித்தான். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினான். பிளக்கைப் போட்டதும் அந்தத் 'தூய்மையான' தண்ணீர் நம் குழாய்த் தண்ணீரைவிட மோசமாகப் பழுப்பாகிப் பொங்கியது. பிறகு கம்பிகளைத் துணியால் துடைத்து அம்மாவின் கையில் கொடுத்தான். இரும்புக் கம்பி குழி குழியாக அரித்திருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தப் பையனுக்கும் இது தெரியும்தானே?" என்று கேட்டார். தெரிந்துதான் செய்கிறார்கள்.

வேறு வித்தைகளும் உண்டு. தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டு விடுவார்கள், மஞ்சளாகும். அது குளோரினைக் காட்டும் மருந்து. குளோரின் இருந்தால்தான் குழாயில் வரும் வழியில் கிருமி வளராது. மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவுப்படி, குழாய்த் தண்ணீரில் மீந்திருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் வருகிறது என்றால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். அடுத்து உங்கள் கையை அந்தத் தண்ணீரில் விடச் சொல்லி, மறுபடி சொட்டு விடுவார்கள். இப்போது மஞ்சள் வராது. "பாருங்கம்மா, விஷத்தை உடம்பு உறிஞ்சிடுச்சு" என்பார்கள். கையில் இருக்கும் வியர்வை, எண்ணெய், அழுக்கோடு சேர்ந்து குளோரின் தீர்ந்து போகிறது, அவ்வளவுதான். பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கி எண் காட்டுவதும் இதே கதை. அது கரைந்திருக்கும் உப்புகளின் அளவைச் சொல்லும் கருவி. கிருமியையும் அது காட்டாது, ஈயத்தையும் தனியாகப் பிரித்துக் காட்டாது. நம் நாட்டுத் தர அளவில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை ஏற்கப்படுகின்றன.

அம்மா மலாய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். முன்பணம் 500 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 110 வெள்ளி, 36 மாதம். கூட்டினால் 4,460 வெள்ளி. ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டையை (ஐசி) படம் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஃபில்டரை மாட்டியும் விட்டார்கள்.

எனக்குப் பணத்தைவிட வயிற்றெரிச்சல் வேறொரு விஷயத்தில். அம்மாவுக்குச் சர்க்கரை. "இந்தத் தண்ணியைக் குடிச்சா சர்க்கரை தானா இறங்கும், கிட்னி சுத்தமாகும், மாத்திரையைக் குறைச்சுக்கலாம்" என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் அலமாரியைத் திறந்தபோது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி இருந்தன. அடுத்த முறை கிளினிக்கில் சர்க்கரை எடுத்தபோது தாதி என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நீரிழிவையும் சிறுநீரக நோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடை செய்கிறது. எந்த ஃபில்டர் தண்ணீரும் சர்க்கரைக்கு மருந்து இல்லை. இந்த ஒன்றையாவது இன்றைக்கே உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஏன் நம் பெரியவர்கள் இதற்கு இவ்வளவு எளிதாக மயங்குகிறார்கள்? அவர்கள் சின்ன வயதில் குடித்த தண்ணீர் அப்படி. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குளத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் இறைத்த தண்ணீர் பொதுத் தொட்டிக்கு வரும். மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் வரும். அம்மாவும் பாட்டியும் பானையில் படிகாரத்தைச் சுற்றி விட்டு, மண் அடியில் தங்கும் வரை காத்திருந்து, மேலே தெளிந்ததைத்தான் காய்ச்சிக் குடித்தார்கள். தொழிலாளர் வீடுகளுக்குப் பொதுக் குழாயிலிருந்து போதுமான தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே பிறந்து வளர்ந்தவர்களிடம் வந்து கிளாஸில் சேற்றைக் காட்டினால் பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம்தான் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. கோலாலம்பூர், சிலாங்கூர் மக்கள் பெரும்பகுதியினர் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீரை. அங்கே செய்வதும் அடிப்படையில் பாட்டி செய்ததுதான். அலுமினியம் சல்பேட் என்ற படிகார வகையைப் போட்டு மண்ணைத் திரட்டித் தங்க வைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சு 1983லிருந்து குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் நடத்துகிறது. நிலையத்திலும் நீர்த்தேக்கத் தொட்டியிலும் குழாய் வழியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அதற்காகக் குழாயில் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கள் என்று சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. நம் ஆறு எவ்வளவு சுலபமாகக் கெடும் என்று அன்றைக்குப் பார்த்தோம். கெட்டதும் வாடை பிடித்து நிலையத்தை நிறுத்தினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டில் இன்னும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்கள் நிறைய இருக்கின்றன, அடிக்கடி உடைகின்றன. பழுது பார்த்துத் திரும்பத் தண்ணீர் விடும்போது குழாயில் படிந்த இரும்பும் மாங்கனீசும் கிளம்பிக் கலங்கலாக வருவது உண்டு.

அப்படி வந்தால், முதலில் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள குழாயைத் திறந்து விடுங்கள். அங்கே தெளிவாக வந்து சமையலறையில் மட்டும் கலங்கி வந்தால் கோளாறு உங்கள் தொட்டியில் அல்லது உள்குழாயில். மேலே தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பல வீடுகளில் வீடு கட்டியதோடு சரி. மீட்டர் பக்கமும் தெளியவில்லை என்றால் வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் படம் எடுத்து, தண்ணீர் விநியோகிக்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் 15300 எண்ணுக்குப் புகார் கொடுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். வாடை, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், இரும்பும் ஈயமும் போகாது. மண் வடிக்க மீட்டருக்குப் பின்னால் ஒரு சாதாரண ஃபில்டர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கரி ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும், உள்ளே இருப்பதைக் காலத்தில் மாற்றாவிட்டால் கிருமி அங்கேயே வளரும். மாட்டிவிட்டு மறந்து போகும் ஃபில்டர், இல்லாததைவிட மோசம்.

சரி, கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால்?

வீடு தேடி வந்து விற்பதற்கு 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. வருபவர் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அனுமதி அட்டையையும் காட்ட வேண்டும், எதற்கு வந்தேன் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை 10 வேலை நாளுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று நாளைக் கடத்துவார்கள். அதனால் எழுத்தில் கொடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அம்மாவின் படிவத்தில் தேதி போடும் இடம் காலியாக இருந்தது. பின்னால் தங்களுக்குத் தோதான தேதியைப் போட்டுக்கொள்ளத்தான் அது என்று நான் நினைக்கிறேன். ஃபில்டரை மாட்டிய ஆள், "வேலை முடிந்தது" என்று அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். அதில் தேதி இருந்ததுதான் எங்களுக்குப் பெரிய உதவி.

கடிதம் போனதும் தவணை பிடிப்பது நின்றது. 500 வெள்ளியை மட்டும் திருப்பித் தரவில்லை. "மாட்டிய பொருளை நாங்கள் எடுப்பதில்லை" என்றார்கள், பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். விற்பவருக்கு நேரடி விற்பனை உரிமம் இருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

இதே ஆட்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் ஃபில்டரைக் கழற்ற வேண்டாம். படிவத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், தேதி காலியாக இருந்தால் அதையும் சேர்த்து. அவர்கள் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். 10 வேலை நாள் இன்னும் தாண்டவில்லை என்றால் ரத்துக் கடிதத்தை இன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், அம்மாவுக்காக மலாயில் எழுதிய கடிதத்தைத் தருகிறேன், பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.