ரிடீமிங் லவ்: மைக்கேலை விடுங்க, பால் பத்தி பேசுவோம்

ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதின ரிடீமிங் லவ் (மீட்கும் அன்பு) நாவலைப் படிச்சவங்க யார்கிட்ட கேட்டாலும் ரெண்டுல ஒரு பதில்தான் வரும். ஒண்ணு "என் விசுவாசத்தையே தூக்கி நிறுத்தின புக்கு", இல்லன்னா "இதுக்குப் பேரு லவ்வா, அந்தாளு அவளைத் தூக்கிட்டுல்ல போறான்". நான் நடுவுல நிக்கிற ஆளு, ரெண்டு பக்கமும் திட்டு விழும்னு தெரியும், பரவால்ல. முடிவு வரைக்கும் பேசப்போறேன், அதனால இனிமேதான் படிக்கணும்னு வச்சிருக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

அடிப்படையில இது பைபிள்ல வர்ற ஓசியா தீர்க்கதரிசி கதைதான். அவர் மனைவி கோமேர் விட்டுட்டுப் போயிடுவா, ஓசியா 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் குடுத்து மறுபடி மீட்டுட்டு வருவாரே, அதை அப்படியே கொண்டுபோய் 1850 கலிஃபோர்னியாவுல, எல்லாரும் தங்கம் தேடி அலைஞ்ச காலத்துல வச்சிருக்காங்க. ஏஞ்சல், சின்னப் பிள்ளையா இருக்கும்போதே விக்கப்பட்டவ, இப்போ பேர்-அ-டைஸ்னு ஒரு சுரங்க ஊர்ல விபச்சார விடுதியில இருக்கா. மைக்கேல் ஹோசியா ஒரு விவசாயி, அவளைப் பாத்ததும் இவதான் உன் மனைவின்னு ஆண்டவர் அவன்கிட்ட பேசுறார். அவன் கைக்காசு போட்டு அவ ரூமுக்குப் போறான், போய் சும்மா உக்காந்து பேசிட்டு மட்டும் வர்றான்.

எழுத்தாளர் முன்னாடி சாதாரண ரொமான்ஸ் நாவல் எழுதிட்டு இருந்தவங்க, 1986ல இரட்சிக்கப்பட்டதுக்கு அப்புறம் தன்னோட சாட்சியா எழுதினது இது. 1991ல பான்டம்ங்கிற பொதுவான பதிப்பகத்துல வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் திருத்தி 1997ல மல்ட்னோமாங்கிற கிறிஸ்தவப் பதிப்பகம் போட்டாங்க, இப்போ கடையில கிடைக்கிறது அதுதான். அப்படித் திருத்தியும் சில பக்கங்கள் சபையில இருக்கிற பெரியவங்களுக்கு நெளியும். ஆனா எனக்கு அந்த ரொமான்ஸ் சீன்லாம் பெருசா படல, அந்தக் குழந்தையை விக்கிற ஆரம்ப அத்தியாயங்கள்தான் தாங்க முடியல. வாலிபர் கூட்டத்துல 13, 14 வயசுப் பிள்ளைங்க கையில இதைக் குடுக்காதீங்க ப்ளீஸ்.

சரி, திட்டுறவங்க பக்கம் இருக்கிற நியாயத்துக்கு வர்றேன். விடுதியில காவலுக்கு இருக்கிறவன் அவளை அடிச்சு நொறுக்கிப் போட்டிருக்கான், அவ பாதி நினைவுல கிடக்கா, அந்த நேரத்துல மைக்கேல் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்க அவளும் என்னமோ சரிங்கிறா, இதைப் போய் சம்மதம்னு எப்படிங்க எடுத்துக்கிறது? கண்ணு முழிச்சுப் பாத்தா ஊருக்கு வெளிய ஒரு பண்ணை வீட்ல இருக்கா. மைக்கேலை ஆண்டவரோட இடத்துல வச்சு வாசிச்சா இது கிருபை, சாதாரண புருஷனா வச்சு வாசிச்சா பயமா இருக்கு. ரெண்டா வாசிக்கவும் எழுத்தாளர் இடம் குடுத்துட்டாங்க, அதனாலதான் இந்தச் சண்டை இத்தனை வருஷமா தீரல. "மைக்கேல் மாதிரி புருஷன் வேணும்"னு ஜெபக்குறிப்பு குடுக்கிற தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அவன் புருஷன் இல்லம்மா, உவமை.

நாவல் நிமிர்ந்து நிக்கிறது ஏஞ்சலாலதான். ஒரு ராத்திரி தன் அப்பன் விஷயத்துல தான் செஞ்சதை மைக்கேல்கிட்ட சொல்லிடுறா, அப்புறம் ஓடைக்குப் போயி அந்தக் குளிர்ல சரளைக்கல்லை அள்ளி உடம்பைத் தேய்க்கிறா, தோலு உரியுற அளவுக்கு தேய்ச்சுக்கிட்டே இருக்கா. அழுக்கு போகல. அந்த இடத்துல எழுத்தாளர் ஒரு பைபிள் வசனத்தையும் எடுத்து விடாம சும்மா இருந்தது பெரிய விஷயம், ஏன்னா மத்த இடத்துல எல்லாம் ஆண்டவர் தனி எழுத்துல பேசிட்டே இருக்கார், பிசாசும் பேசுது, ஒரு கட்டத்துக்கு மேல எனக்கு சலிச்சுப் போச்சு.

யாரும் அதிகம் பேசாத ஆள் பால். மைக்கேலோட செத்துப்போன தங்கச்சியோட புருஷன். ஏஞ்சல் யாருன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து அவளைக் கண்டாலே ஆகாது, நல்ல மனுஷனான மச்சானை இவ கெடுத்துட்டாளேன்னு கோவம். அவ திரும்ப பேர்-அ-டைஸுக்கே போகணும்னு கிளம்புறப்போ வண்டியில கூட்டிட்டுப் போறதும் இவன்தான், வழியில வண்டிக்கூலி கேக்குறான், எந்த விதத்துல கேக்குறான்னு நான் சொல்லணுமா? அவளை வேசின்னு பழிக்கிற அதே வாயி. படிக்கும்போது கை நடுங்கிச்சு எனக்கு, ஏன்னா இந்த ஆளை எனக்குத் தெரியும், நம்ம சபையில முன்வரிசையில உக்காந்திருப்பான், காணிக்கைப் பையும் எடுப்பான்.

கடைசியில அவ எல்லாத்தையும் விட்டு சான் ஃபிரான்சிஸ்கோ போயிடுறா, வருஷக்கணக்கா வரல, மைக்கேலும் இந்தத் தடவை தேடிப் போகல. போறது பால். போயி அவகிட்ட மன்னிப்பு கேக்குறான். மீட்பு மீட்புன்னு அட்டையில போட்டிருக்கிறது ஏஞ்சலுக்குன்னு நெனச்சுட்டே வர்றோம், எனக்கென்னவோ இவனுக்குத்தான் அது அதிகமா தேவைப்பட்டுச்சுன்னு தோணுது, மைக்கேல் திரும்பத் திரும்பப் போயி நின்னதைவிட இந்த ஒரு பயணம் எனக்குப் பெருசாப் பட்டுச்சு.

அதுக்கப்புறம் வர்ற கடைசிப் பகுதி தேவையே இல்ல. குழந்தை பெத்துக்க முடியாதபடி பண்ணப்பட்ட பொண்ணு அவ, அவளுக்கு அற்புதமா பிள்ளைங்க பிறக்குதுன்னு முடிக்கிறாங்க. பிள்ளை இல்லாத எத்தனை பேர் இதைப் படிப்பாங்க? பிள்ளை பிறந்தாத்தான் மீட்பு முழுசாகுமா என்ன.

2022ல வந்த படத்தைப் பத்திக் கேட்டீங்கன்னா, வயல், மலை, வெளிச்சம் எல்லாம் அழகு. ஆனா ஏஞ்சலுக்கு நம்பிக்கை வர எத்தனை நாள் ஆச்சோ அந்த நாளெல்லாம் படத்துல காணோம், அழுக்குத் தெருவுல நிக்கிறப்பகூட முகத்துல மேக்கப் கலையல. புக்கையே படிங்க, இங்கிலீஷ் ரொம்ப எளிமையாத்தான் இருக்கும். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அதுல ஒண்ணரை பாலுக்கு.