கண் வறட்சி: காகிதப் பட்டையா, உப்பு அளவா, புரதமா?

“மண்ணு விழுந்தாட்டமே உறுத்துதுங்க.” சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவரும், கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுபவரும், ஐந்து ரோடு பக்கம் ஏசி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணும் இதையேதான் சொல்கிறார்கள். காரணம் மட்டும் வேறு வேறு. ஒருவருக்குக் கண்ணீர்ச் சுரப்பி நீரே விடாது. இன்னொருவருக்கு நீர் போதுமான அளவு இருக்கும். இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டதால் சீக்கிரம் ஆவியாகிவிடும். இந்த இரண்டில் எதனோடும் அழற்சி சேர்ந்துகொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே சொட்டு மருந்து பலன் தராது. எந்தப் பரிசோதனை இவர்களைப் பிரித்துக் காட்டுகிறது என்று பார்த்தே நான் எடை போடுகிறேன்.

பழையது ஷிர்மர் பட்டை. 1903ல் ஓட்டோ ஷிர்மர் விவரித்த முறை. 5 மி.மீ. அகல வடிகட்டிக் காகிதத்தைக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் வைக்கிறோம். 10 மி.மீ.க்குக் குறைவாக நனைந்தால் சந்தேகம்; 5க்கும் கீழே போனால் நீர் நிச்சயம் குறைவு. கூடவே மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் 10 நொடிக்குள் உடைகிறதா என்று பார்ப்போம். மலிவு, மின்சாரம் கூட அதிகம் வேண்டாம், ஏற்காட்டு எஸ்டேட் முகாமிலும் செய்துவிடலாம். குறை என்னவென்றால், பட்டையே கண்ணைக் குத்தி நீர் வரவழைக்கும். இன்று 4 காட்டியது அடுத்த வாரம் 9 காட்டும். அழற்சி பற்றி இது வாயே திறக்காது.

கண்ணீரின் உப்படர்த்தியை அளக்கும் கருவிக்கு 50 நானோலிட்டர் நீர் போதும். லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோலுக்கு மேல் போனாலோ, இரு கண்ணுக்கும் இடையே 8க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ வறட்சி என்று கொள்கிறார்கள். வறட்சி உண்டு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்கு அந்தச் செலவு அதிகம் என்பது என் கருத்து.

புரதத்துக்கு வருவோம். கையளவு கிட் ஒன்று எம்எம்பி-9 என்ற நொதியைத் தேடுகிறது. அழற்சியில் பெருகி, கருவிழியின் மேல்தோல் செல்களின் பிணைப்பைச் சிதைக்கும் நொதி இது. ஒரு மில்லிலிட்டரில் 40 நானோகிராமைத் தாண்டினால் சிவப்புக் கோடு விழும். சுமார் 10 நிமிட வேலை. வறட்சி உறுதியானவர்களிடம் 2016ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கே கோடு விழுந்தது. கிட் தோற்றுவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. மீதிப் பேருக்கு அந்த நேரத்தில் அழற்சி பெரிதாக இல்லை என்ற செய்தியாகவே எனக்குப் படுகிறது, மருந்து தேர்வுக்குத் தேவையான செய்தியும் அதுதான். அலர்ஜியிலும் தொற்றிலும் இதே கோடு விழும் என்பதால், இமையைப் புரட்டிப் பார்க்காமல் கிட்டை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது முழுப் புரத அலசல். மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், கண்ணீரில் 1,500க்கு மேற்பட்ட புரதங்களைக் கண்டிருக்கிறார்கள். வறட்சியில் லாக்டோஃபெரின், லைசோசைம், லிப்போகாலின் போன்றவை குறைவதும், எஸ்100ஏ8, எஸ்100ஏ9 ஏறுவதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. முதல் வகை சுரப்பியின் நலத்தைச் சொல்கிறது, இரண்டாவது அழற்சியைச் சொல்கிறது. ஒரே துளியில் இரண்டு பதிலும் கிடைப்பது எனக்கு உண்மையிலேயே பெரிய நம்பிக்கை தருகிறது.

சிக்கல் துளியை எடுப்பதில்தான். நலமான கண்ணிலேயே சுமார் 7 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். வறண்ட கண்ணில் அதுவும் இல்லை. நுண்குழாயில் உறிஞ்சினால் கலப்படமில்லாத நீர் கிடைக்கும், ஆனால் நேரமும் பழகிய கையும் வேண்டும். பட்டையில் எடுப்பது எளிது. கூடவே கண்பரப்பின் செல்களும் இரத்தப் புரதமும் ஒட்டிவரும். நோயாளிக்குக் கண் கலங்கிவிட்டால் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் நீர்த்துப்போகும், லைசோசைம் ஏறக்குறைய மாறாது. இரு ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எடுத்த மாதிரியை உறைநிலையிலேயே வைக்கவும் வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐஸ் பெட்டியோடு இறங்கி, ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் சேர்ப்பது தினசரி கிளினிக் வேலைக்கு ஒத்துவராது.

ஆகவே முதல் நாளில் பட்டையும் சாயமும், இமை அழுத்திப் பார்ப்பதும் போதும். எண்ணெய் அடைப்பு என்றால் வெந்நீர் ஒத்தடம், இமைச் சுத்தம். அங்கே புரதம் தேட வேண்டாம். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய்க்கான இரத்தப் பரிசோதனை முந்திக்கொள்ளும். அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதும் முன்புதான் கிட்டைக் கேட்பேன். அந்தச் சொட்டு எரியும், பலன் தெரியவே மாதங்கள் ஆகும். தறிக் கூலியில் அதை வாங்குபவருக்குக் கோடு விழுந்ததா இல்லையா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.